மடற்கழுத்துப் பச்சோந்தி

மடற்கழுத்துப் பச்சோந்தி (கமேலியோ டைலெபிஸ்) சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்க வெப்பப் புல்வெளிகளில், மரங்களிலும் புதர்களிலும் வாழும் ஊர்வன. 1819-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் வில்லியம் எல்ஃபோர்டு லீச் இதற்கு அறிவியல் பெயரிட்டார். வாலோடு சேர்த்து 35 செ.மீ. வரை வளரும். பிடரியின் இருபுறமும் உள்ள தோல்மடல்களே பெயருக்குக் காரணம். பெண் பச்சோந்தி தரைக்கு இறங்கிக் குழி பறித்து, 25 முதல் 50 முட்டைகள் வரை இட்டு மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும்.

உட்கார்ந்த இடத்தின் நிறத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும் பிராணி என்றே பச்சோந்தியை உலகம் நம்புகிறது. இந்த இனத்தின் நடத்தை அதற்கு இடம் கொடுப்பதில்லை. மிரட்டப்பட்டால் இது ஒளிந்துகொள்ள முயல்வதில்லை. உடலை உப்பவைத்து, மடல்களைத் தூக்கி, செம்மஞ்சள் வாயைப் பிளந்து சீறும். மேனியெங்கும் கரும்புள்ளிகள் எழும். மறைவதற்கு நேர்மாறான செயல் இது. இரவில் உறங்கும்போதோ மேனி வெளிறிவிடுவதால், கைவிளக்கு வெளிச்சத்தில் இலைகளுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். நிறம் இங்கே உடல்நிலையையும் சினத்தையும் அச்சத்தையும் சொல்லும் மொழி. அதன் இயக்கமும் உள்ளிருந்தே வருகிறது. மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, தோலணுக்களிலுள்ள குவானின் படிகங்களின் இடைவெளி மாறுவதே நிறமாற்றத்துக்குக் காரணம் என்று காட்டியது: அமைதியில் படிகங்கள் நெருங்கி நிற்க, அவை சிதறடிக்கும் நீலம் தோலின் மஞ்சளோடு கலந்து பச்சையாகிறது, கிளர்ச்சியில் அவை விலக, மஞ்சளும் சிவப்பும் மேலெழுகின்றன.

அப்படியானால் இலைக்குள் இருக்கும் பச்சை உடல் மறைப்பு இல்லையா என்று கேட்கலாம். மறைப்புதான், ஆனால் அது அமைதியில் இருக்கும்போதைய இயல்பு நிறம், மாற்றத்தின் விளைவன்று. இதைவிட வலுவான மறுப்பு தென்னாப்பிரிக்காவின் ஸ்மித் குள்ளப் பச்சோந்தியிடமிருந்து வருகிறது. பறவையைக் கண்டால் அது சூழலின் நிறத்தோடு நெருங்கி ஒத்துப்போகிறது. பாம்பைக் கண்டால் அந்த அளவுக்கு ஒத்துப்போவதில்லை. மறைவதற்கும் நிறமாற்றம் உதவுகிறது என்பதை இது மெய்ப்பிக்கிறது. ஆனால் அங்கும் கிளை ஒன்றே. மாறியது பார்க்கும் எதிரி. ஆக, நிறத்தை முடிவு செய்வது உட்கார்ந்திருக்கும் இடம் மட்டுமன்று.

இடத்துக்கு ஏற்றபடி கொள்கை மாற்றுபவரைப் பச்சோந்தி என்று ஏசுவது தமிழில் பழகிய வழக்கு. தமிழகத்திலும் இலங்கையிலும் வாழும் இந்தியப் பச்சோந்தி இதே பேரினத்தைச் சேர்ந்தது. அந்த ஏச்சு இரண்டுக்குமே பொருந்தாது.