பெட்டிக்குள் அடைத்த மைல்கள்

பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் ‘இஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல், அதற்கு அடியில் டிரான்ஸ்பார்மர் ஹம். வீட்டுக்கு ஆம்ப் அசெம்பிள் செய்து கொடுக்கிற என்னிடம் அதிகம் வந்த புகார் இதுதான். நான் வைத்த வைத்தியம் இரண்டே ரெசிஸ்டர். அதற்கான கணக்கு வந்தது அமெரிக்க டெலிபோன் லைன்களிலிருந்து.

பெல் கம்பெனி எஞ்சினியர்கள் ஒருகாலத்தில் குரல் தேய்வதை மைலில்தான் அளந்தார்கள். ஒரு மைல் ஸ்டாண்டர்டு கேபிள் என்றால் 88 ஓம் ரெசிஸ்டன்ஸ், 0.054 மைக்ரோபாரட் கெபாசிட்டன்ஸ். ஒரு டெலிபோனைச் சோதிக்க நிஜக் கேபிளை எங்கே சுருட்டி வைப்பது? ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் கோத்துப் பெட்டியில் அடைத்தார்கள். ஸ்விட்சைத் திருப்பினால் மைல் கூடும், குறையும். சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் உள்ள தூரம் மேசைமேல் உட்கார்ந்திருக்கும்! ஒரே சிக்கல், கேபிளில் கீச்சுக்குரல் அதிகம் தேயும், கட்டைக்குரல் குறைவாகத் தேயும். எல்லாச் சுருதிக்கும் ஒரே மைல் பொருந்தவில்லை. அதனால் 1924இல் மைலைக் கைவிட்டு வெறும் விகிதத்தை அலகாக வைத்தார்கள். 1928இல் அதற்கு டெசிபல் என்று பெயர் வந்தது. அதே ஆண்டு, அதே பெல் கம்பெனியில் வேலை பார்த்த ஜான்சனும் நைக்விஸ்டும் இன்னொன்றை வெளியிட்டார்கள்: எந்த ரெசிஸ்டரும் தன் சூட்டினாலேயே கொஞ்சம் இரையும், ஓம் கூடக்கூட அந்த இரைச்சலும் கூடும்.

இனி நம்மூர் செட்டுக்கு வருவோம். சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கிக் கட்டியவர்களுக்கு 4440ஐ அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சான்யோவின் எல்ஏ4440, 13.2 வோல்ட்டில் ஓடுகிற கார் ஸ்டீரியோ ஐசி. அதன் கெயின் 51.5 டெசிபல், அதாவது உள்ளே வருவதைச் சுமார் 375 மடங்காக்கும். டேப் ஹெட்டின் துளியூண்டு சிக்னலை வைத்துப் பிழைத்த காலத்துக்கு அது சரி. 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனியின் சிடிபி-101 சிடி பிளேயர் இறங்கியது. சிடி பிளேயருக்கு 2 வோல்ட் அவுட்புட் என்பது வழக்கமானது. பின்னால் வந்த டிவிடி பிளேயரையும் நாம் அதே 4440 செட்டில் சொருகினோம். 2 வோல்ட்டை 375ஆல் பெருக்கினால் 750 வோல்ட். 13 வோல்ட் ஐசி எங்கே போகும்?

ஆகவே வால்யூம் குமிழ் எட்டு மணியைத் தாண்டாது. குமிழின் அந்த ஆரம்ப இடத்தில் இடது பேசும், வலது பேசாது. வால்யூம் போர்டுக்குப் பின்னாலிருக்கும் பாஸ்–டிரெபிள் போர்டுக்குப் பாட்டு மெலிந்துபோய் வரும். போர்டின் இரைச்சலோ மெலியாமல் 375 மடங்கு பெருகும். பாதிப் பேர் இதற்கு ஐசியைத் திட்டினார்கள், மீதிப் பேர் என்னை.

என் வைத்தியம் இதுதான்: அந்த பாஸ்–டிரெபிள் போர்டுக்கும் 4440க்கும் நடுவே, லைனில் 10கே ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1கே. அந்தச் சந்திப்பிலிருந்து ஐசிக்கு ஒயர். ஸ்டீரியோவுக்கு இரண்டு ஜோடி. சிக்னல் பதினொன்றில் ஒரு பங்காகும், ஏறக்குறைய 21 டெசிபல் குறைவு. போர்டின் இரைச்சலும் அதே அளவு இறங்கும். இறங்கிய பாட்டைக் குமிழைத் திருப்பி மீட்டுவிடலாம், இரைச்சல் திரும்பி வராது. ரேடியோ ஸ்டேஷன்களின் பழைய 600 ஓம் லைனில் இரண்டு பக்கமும் ஓம் பொருந்த வேண்டியிருந்தது, அதற்கு மூன்று ரெசிஸ்டர் போட்டுக் கட்டினார்கள். வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு மெகாவும் நூறு கேயும் போட்டால்கூட விகிதம் அதேதான் என்று சிலர் வாதாடுவார்கள். ஜான்சன் சொன்ன சூட்டு இரைச்சல் அங்கேதான் பிடித்துக்கொள்ளும்.

பிளேயரிலிருந்து நீள ஒயர் இழுப்பவர்கள் இதே ஜோடியை ஆம்ப் பக்கத்து ஆர்சிஏ பின்னுக்குள் வைத்து ஈயம் பிடியுங்கள். பிளேயர் பக்கம் வைத்தால் பாட்டு மட்டும் தேயும், வழியில் ஏறிய ஹம் முழுசாக உள்ளே போகும். 4440 தானே போடுகிற இரைச்சலுக்கு மட்டும் இது மருந்தில்லை. அது பொறுக்க முடியாவிட்டால் கெயின் குறைந்த வேறு ஐசி போர்டு வாங்கிவிடுங்கள்.