மேடைப் பரிசும் மாதம் ஆயிரமும்

"பிளஸ் டூ முடிக்கிற பெண்களுக்கு வருஷா வருஷம் ஒரு போட்டி வைப்போம், ஜெயிக்கிற பெண்ணுக்கு நம் சங்கமே காலேஜ் ஃபீஸ் கட்டட்டும்" என்று போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்கா ஞாபகம் வந்தது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, இதையே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த மாதிரிப் போட்டிக்குப் பேர்போன ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரம். அதுவும் நம்மைப் போல துறைமுக ஊர்தான். பள்ளி இறுதி வகுப்புப் பெண்களுக்காக 1958-இல் 'ஜூனியர் மிஸ்' என்று தொடங்கினார்கள். படிப்பு, நேர்முகம், கலைத்திறன், உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. பரிசு, கல்லூரிப் படிப்புக்கான பணம். 1963-இல் ஜெயித்த டயான் சாயர் பின்னாளில் பெரிய டி.வி. செய்தியாளர் ஆனார். 2010-இல் பெயரை மாற்றிக்கொண்டு இன்றும் நடத்துகிறார்கள்.

நம்மூரில் போட்டி என்றால் பரீட்சைதான். ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவிகள், 50 மாணவர்கள். ஆனால் அது கிராமத்துக்கும் பேரூராட்சிக்கும் மட்டும். திருவொற்றியூரும், எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் நகராட்சிகளாக இருந்து 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தவை, ஆகவே நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. 2008-இல் வந்த மத்திய அரசின் திறன் உதவித்தொகைத் தேர்வை எட்டாம் வகுப்பில் எழுதலாம். அந்தப் பணமோ பிளஸ் டூவோடு நின்றுவிடும். நம் பெண்களின் படிப்பு நிற்கிற இடமும் அதுதான்!

என் அக்கா 2006-இல் பிளஸ் டூ முடித்தாள். அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம். 1200-க்கு 1061. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் முதல் மார்க் வாங்கும் பெண்ணுக்குக் கல்லூரிச் செலவு தருவதாக ஒரு கம்பெனி அறிவித்திருந்தது. அக்காவுக்குப் பதினோரு மார்க் குறைந்தது. இரண்டாம் பரிசு ஓர் எவர்சில்வர் குடம். அப்பா துறைமுகத்தில் காண்ட்ராக்ட் கூலி. "ஃபீஸ கூட எப்படியாவது பொரட்டிடலாம், மாசா மாசம் செலவுக்கு எங்கம்மா போவேன்?" என்றார். 2008-இல் கல்யாணம் ஆனது. அதற்கு அரசு திருமண உதவி கிடைத்தது. அந்த விண்ணப்பத்துக்காக அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து வந்தவன் நான்தான்.

அந்தத் திருமண உதவி 1989-இல் வந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் அமைந்தது. பெண்ணைக் கொஞ்சமாவது படிக்கவைத்தால்தான் பணம் என்பது நல்ல யோசனை, அதை மறுக்க முடியாது. 2011-இல் பத்தாவது படித்தவர்களுக்கு 25,000, பட்டம் வாங்கியவர்களுக்கு 50,000, கூடவே தாலிக்கு 4 கிராம் தங்கம் என்று ஆக்கினார்கள். எவ்வளவு கூட்டினாலும் பணம் கல்யாண நேரத்தில்தான் கைக்கு வரும்.

2022 பட்ஜெட்டில்தான் அது கல்லூரிப் பக்கம் திரும்பியது. செப்டம்பர் 5 அன்று 'புதுமைப் பெண்' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அதுவும் எங்கே? நம் வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில்! ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, பட்டமோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள பாங்க் கணக்கிலேயே. முதல் மார்க், இரண்டாம் மார்க் என்ற பேச்சே இல்லை. மூன்று வருஷப் பட்டத்துக்குக் கணக்குப் போட்டால் 36,000 வருகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அப்பாவுக்கு அன்றைக்கு விடை தெரியாமல் போன கேள்வி மாதச் செலவுதானே?

அதிலும் ஒரு குறை இருந்தது. அக்கா படித்தது போன்ற உதவி பெறும் பள்ளிகள் விடுபட்டிருந்தன. ராயபுரத்தில் பழைய மிஷன் பள்ளிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். 2024 டிசம்பர் 30-இல்தான், தூத்துக்குடியில் நடந்த விழாவில், அந்தப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். அக்கா மகள் இப்போது அதே பள்ளியில், அதே தமிழ் மீடியத்தில்தான் படிக்கிறாள்.

நம் சங்கத்தின் யோசனையை அக்காவிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பிறகு கேட்டாள்: "ரெண்டாவது வர்ற பொண்ணுக்கு இன்னாடா குடுக்கப் போறீங்க?"

அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்வியை நான் எழுப்பப் போகிறேன். பொருளாளர் அண்ணன் கணக்கு நோட்டோடு வரவும்.