காரைக்காலில் அபினி வணிகமும் உரிமமும்

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலிலும் அதைச் சூழ்ந்த பிரிட்டிஷ் தஞ்சாவூர் மாவட்டத்திலும் அபினியை வரவழைப்பது, வைத்திருப்பது, விற்பது ஆகியவற்றுக்கு வரம்பு கட்டிய உடன்படிக்கைகள், சட்டங்கள், குத்தகை முறைகளின் வரலாறு இது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்கத்தில் தொடங்கி, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்திய ஒன்றியத்தின் பொதுச் சட்டத்தில் முடிகிறது. காவிரிக் கடைமடையில் அபினிச் செடி பயிரானதில்லை, அபினி தின்போரும் மிகுதியாக இருந்ததில்லை. இருந்தும் இரண்டு அரசுகள் இந்தச் சரக்கைப் பற்றி மீண்டும் மீண்டும் எழுதிக் கையெழுத்திட்டன. காரணம் வருவாய். அதே தாளில் உப்பும் எழுதப்பட்டிருந்ததால், கோட்டுச்சேரிமேடு போன்ற கடற்கரைக் குப்பங்களையும் இந்த வரலாறு தொட்டது.

கோட்டுச்சேரிமேடு காரைக்கால் நகருக்கு வடக்கே, கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த மீனவர் ஊர். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு என இக்கரையில் மேடு என்று முடியும் பெயர்கள் வரிசையாக உண்டு. தஞ்சை மராட்டிய அரசர் சாகுஜியிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். அதன் பிறகு போர் வரும்போதெல்லாம் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய், சமாதானம் ஆனதும் திரும்பியது. கடைசியாகத் திரும்பியது 1817இல். வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் பிரிட்டிஷ் எல்லை, இன்னும் சற்று நடந்தால் தரங்கம்பாடியில் 1845 வரை டென்மார்க்கின் கொடி. ஒரே நாளில் மூன்று அரசுகளின் மண்ணை மிதிக்கக்கூடிய இடத்தில் எந்தச் சரக்குக்கும் தனி விதி வைத்துக் காப்பது சுலபமில்லை.

வங்க ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773இல் வங்க, பீகார் அபினிக் கொள்முதலை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். அதுவரை பாட்னாவில் பிரெஞ்சு, டச்சு வணிகர்களும் அபினி வாங்கிவந்தார்கள். வங்கத்தில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த சந்தநகரிலிருந்து எழுந்த முறையீடுகளுக்குப் பதிலாக 1787ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பிரெஞ்சுக்காரருக்கு உப்பு, வெடியுப்பு ஆகியவற்றோடு ஆண்டுக்கு 300 பெட்டி அபினியும் ஒதுக்கப்பட்டது. வங்கத்துத் தகராறு ஒன்றைத் தீர்க்க எழுந்த இந்த எண், பின்னர் பிரெஞ்சு இந்தியா முழுவதற்கும் ஆனது.

நெப்போலியன் போர்களுக்குப் பின், 1815 மார்ச் 7 அன்று லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையே இத்துறையின் அடித்தளம். சோழமண்டலக் கரையிலும் ஒரிசாக் கரையிலும் உள்ள பிரெஞ்சு ஊர்களில் விளையும் உப்பில், உள்ளூர்த் தேவை போக மீதியை வாங்கும் தனி உரிமையைப் பிரான்சு பிரிட்டனுக்குக் குத்தகையாகக் கொடுத்தது. ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். அபினிக்கு வந்த விதி சுருக்கமானது: அவ்வப்போது நடக்கும் ஏலங்களில் பிரெஞ்சு அரசு கேட்கும் பெட்டிகளை ஒதுக்கித் தர வேண்டும், ஆண்டுக்கு 300க்கு மேல் கூடாது, அந்தந்த ஏலத்தின் சராசரி விலையே விலை. ஒரு பெட்டி சுமார் 140 பவுண்டு என்று வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 19 டன்.

பார்க்கத் தாராளமாகத் தெரியும் இந்த விதியில் பிரான்சுக்குப் பெரிய லாபம் இல்லை. ஏலத்தில் மற்ற வணிகர் கொடுத்த விலையையே அதுவும் கொடுக்க வேண்டும். பிரிட்டனுக்கோ நன்மை தெளிவு: தன் ஏகபோகத்துக்கு நடுவே கிடந்த ஐந்து பிரெஞ்சு ஊர்களுக்கும் எவ்வளவு அபினி போகலாம் என்பதற்குத் தன் ஏலக்கூடத்திலேயே உச்சவரம்பு கிடைத்துவிட்டது.

உப்பின் கதை இதைவிடக் கடுமையானது. 1818 மே மாத உடன்படிக்கையின்படி பிரெஞ்சு ஊர்களில் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. உப்பள உரிமையாளர்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் என்று பேச்சு. ஊருக்கு வேண்டிய உப்பைப் பிரிட்டிஷ் அரசு அடக்கவிலைக்குத் தரும். பிரெஞ்சு நிர்வாகம் அதை அக்கம்பக்கத்துப் பிரிட்டிஷ் ஊர்களின் விலையை ஒட்டியே விற்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு எல்லை தாண்டிவிடும். 15 ஆண்டுக்கென்று தொடங்கிய ஏற்பாடு 1837இல் மேலும் நீட்டிக்கப்பட்டது. கடலோரத்தில் வெயிலும் உவர்நீரும் இலவசமாகக் கிடைக்க, பிடித்த மீனைக் கருவாடாக்க வேண்டிய உப்பை அரசிடம் விலைக்கு வாங்க வேண்டிய நிலை மீனவருக்கு. கோட்டுச்சேரிமேட்டில் அபினிப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இருந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டியை எழுதிய தாளின் மறுபாதி அவர்கள் வீட்டு வாசலில் காய்ந்த மீன்வரை வந்துவிட்டது. வரலாற்று நூல்கள் 1815 உடன்படிக்கையை அபினியின் பெயரால் நினைவுகூரும்போது இந்தப் பாதியை ஒரு வரியில் கடந்துவிடுவது குறைதான்.

உரிமத்தை ஏலத்தில் விடும் வழக்கம் பிரெஞ்சு இந்தியாவுக்குப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் சாராயம், புகையிலை, வெற்றிலை ஆகியவை குத்தகைக்கு விடப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காணலாம். அதிகத் தொகை கேட்டவருக்குத் தனி விற்பனை உரிமை. அரசுக்கு வசூல் வேலை மிச்சம், குத்தகைக்காரருக்கோ விற்பனை கூடக் கூட ஆதாயம். நுகர்வைக் குறைக்கும் எண்ணம் இந்த ஏற்பாட்டின் எந்த மூலையிலும் இல்லை.

எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவில் இரண்டு சட்டங்கள் ஆண்டன. 1857ஆம் ஆண்டுச் சட்டம் வங்க முகமையின் சாகுபடியைப் பற்றியது. 1878ஆம் ஆண்டு அபினிச் சட்டம் வைத்திருத்தல், கொண்டுசெல்லுதல், விற்றல் அனைத்தையும் முதலில் தடுத்துவிட்டு, பிறகு விதிகளின் வழியே உரிமம் தந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அயல்நாட்டு மண்ணிலிருந்து கொண்டுவருவதும் அச்சட்டத்தின் கண்ணில் இறக்குமதியே. ஆகவே காரைக்காலிலிருந்து எல்லைக்கு அப்பாலுள்ள பொறையாறுக்கு மடியில் முடிந்து வந்த சிறு வில்லையும் கப்பலில் வந்த சரக்கும் ஒரே பிரிவில் அடங்கின. காசிப்பூர் ஆலையில் சீன ஏற்றுமதிக்கான அபினி 100க்கு 75 பங்கு திடப்பொருள் உள்ள பதத்தில் உருண்டைகளாகவும், உள்நாட்டுக் கடைகளுக்கான ஆப்காரி அபினி 90 பங்குப் பதம்வரை உலர்த்திய கட்டிகளாகவும் தயாரானது. சென்னை மாகாணத்தில் அதை வாங்கியோர் பெரும்பாலும் வடக்கே, கோதாவரி, விசாகப்பட்டினம் மாவட்டங்களின் காய்ச்சல் பகுதிகளில் இருந்தனர். அபினி பற்றி விசாரிக்க 1893இல் பிராசி பிரபு தலைமையில் அமைந்த அரச ஆணையம் 1895இல் அளித்த அறிக்கை, இருக்கும் முறையே தொடரலாம் என்றது. உறுப்பினர் ஹென்றி வில்சன் ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார்.

காரைக்கால் மக்கள் அபினி நிர்வாகத்தை நெருங்கிப் பார்த்த இடம் பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோன். சைகோனைத் தலைநகராகக் கொண்ட தென் வியட்நாமியப் பகுதியான கொச்சின்சீனாவில் குத்தகையாக இருந்த அபினி விற்பனையை ஆளுநர் லெ மிர் தெ வில்லேர் ஒழித்து, 1882 முதல் அரசே காய்ச்சி விற்கும் முறையைக் கொண்டுவந்தார். கல்கத்தாவிலிருந்து வந்த காசி அபினி சைகோன் ஆலையில் புகைக்கும் பதத்துக்கு மாறியது. பால் தூமர் இந்தோசீனாவின் தலைமை ஆளுநராக இருந்தபோது (1897–1902) அபினி, சாராயம், உப்பு மூன்றின் ஏகபோகமும் சுங்கத்தோடு ஒரே துறையில் சேர்ந்தன. 1815இல் லண்டன் தாளில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற உப்பும் அபினியும் இங்கே ஒரே அலுவலகத்தில்! 1881 செப்டம்பர் ஆணையின்படி சாதி, சமயத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் கொச்சின்சீனாவில் காவல், சுங்கம், எழுத்தர் வேலைகளுக்குப் போனார்கள். காரைக்கால் முஸ்லிம் வணிகரும் அங்கே கடை வைத்தனர். சொந்த ஊரில் ஏகபோகத்தின் சுமையை அறிந்தவர்களில் சிலர் அக்கரையில் அதன் காவலர் ஆனதை வியட்நாமியர் மறக்கவில்லை. மலாயாவில் நிலைமை வேறு. அங்கே சீனக் கூலிகளுக்கு அபினிக் கடை, தமிழ்க் கூலிகளுக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை என்று வருவாய் பிரிந்து நின்றது. நீரிணைக் குடியேற்றங்களில் அபினிக் குத்தகை முடிந்து அரசு ஏகபோகம் வந்தது 1910இல்.

அபினி வணிகத்தின் சரிவு வெளியிலிருந்து வந்தது. 1907இல் சீனாவுடன் ஏற்பட்ட உடன்பாட்டால் இந்திய ஏற்றுமதி ஆண்டுதோறும் குறைந்து 1913இல் அந்த வழி அடைபட்டது. 1912 ஹேக், 1925 ஜெனீவா ஒப்பந்தங்கள் இரண்டு பேரரசுகளையும் கட்டின. மருத்துவத்துக்கு அல்லாத ஏற்றுமதியை 1935க்குள் நிறுத்துவதாக இந்திய அரசு 1926இல் அறிவித்தது. 1930இல் ஆபத்தான மருந்துகள் சட்டம் வந்தது. 1949இல் கூடிய அனைத்திந்திய அபினி மாநாடு, வாய்வழி உண்ணும் பழக்கத்தைப் பத்தாண்டுக்குள் முடிக்கத் தீர்மானித்து 1959 மார்ச் 31ஐக் கெடுவாக வைத்தது. அந்தக் கெடு வரும்முன்பே, 1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்துவிட்டது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16. பழைய அபினிச் சட்டங்கள் இரண்டையும் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்கிவிட்டு 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம் நண்டலாற்றின் இரு கரைக்கும் ஒன்றே.

மதுவில் மட்டும் அந்த ஆறு இன்னும் எல்லையாகவே இருக்கிறது. 1970ஆம் ஆண்டுப் புதுச்சேரி கலால் சட்டத்தின்கீழ் காரைக்காலில் சாராயக் கடைகளும் கள்ளுக்கடைகளும் ஏலத்துக்கு வந்தன. அங்கிருந்து மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் கடத்தப்படும் பாண்டிச் சாராயத்தைப் பிடிக்க, தமிழ்நாட்டுக் காவலர் எல்லைச் சாவடிகளில் வண்டிகளைச் சோதிக்கின்றனர்.