கண் திறந்தும் காணாத பூனைக்குட்டி

"இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது" என்பது ஆசிரியர் அறைகளில் அவ்வப்போது கேட்கும் சொல். இளமையில் யானும் அதைச் சொன்னதுண்டு. மூளை பிறக்கும்போதே முடிந்துவிட்ட பாத்திரம். சிலருக்குப் பெரிது, சிலருக்குச் சிறிது என்னும் எண்ணமே அச்சொல்லின் வேர். அவ்வேர் ஆட்டங்கண்ட வரலாறு ஆசிரியர் அனைவரும் அறியத்தக்கது.

பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் எடையுள்ளது. வளர்ந்தவர் மூளையோ ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம். நரம்பணுக்களில் பெரும்பாலானவை பிறப்பிற்கு முன்பே தோன்றிவிடுகின்றன. பின்னர் அவற்றின் கிளைகளும் இணைப்புகளும் பெருகி வளர்கின்றன. அவ்விணைப்புகளை அமைப்பது பிறவியா, பட்டறிவா?

கண்புரையோடு பிறந்த குழந்தைகளுக்குக் காலந்தாழ்த்தி அறுவை செய்தால், கண் தெளிந்தும் பார்வை தெளிவதில்லை என்பதை மருத்துவர் முன்னரே கண்டிருந்தனர். அதன் காரணத்தை ஆராய்ந்தோர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் ஆவர். பூனைக்குட்டியின் ஓர் இமையைத் தைத்து மூடி, இரண்டு மூன்று திங்கள் கழித்துத் திறந்தனர். கண்ணில் பழுதில்லை. ஆயினும் மூளைப் புறணியின் நரம்பணுக்களுள் மிகச் சிலவே அக்கண்ணின் செய்திக்கு மறுமொழி தந்தன. எஞ்சியவற்றைத் திறந்திருந்த மறுகண் தனதாக்கிக்கொண்டது. வளர்ந்த பூனையிடம் இக்கேடு விளையவில்லை. 1963இல் இம்முடிவுகள் வெளிவந்தன. நான்காம் வாரத்தில் தொடங்கி மூன்றாம் திங்களளவில் முடியும் பருவமே பூனைக்கு இன்றியமையாதது என 1970இல் அவர்கள் வரையறுத்தனர். 1981இல் ரோஜர் ஸ்பெர்ரியோடு நோபல் பரிசும் பெற்றனர்.

அக்குட்டிகள் பட்ட துன்பம் நெஞ்சை உறுத்தவே செய்கிறது. ஆயினும், கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்குச் சில வாரங்களிலேயே அறுவை செய்தல் வேண்டும் என்னும் தெளிவு வலுப்பெற அவ்வாய்வு துணைநின்றது.

ஏறக்குறைய அதே காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேரியன் டயமண்ட், மார்க் ரோசன்ஸ்வைக் முதலியோர் எலிகளை ஆராய்ந்தனர். துணையும் விளையாட்டுப் பொருள்களும் பெற்று வளர்ந்தவற்றின் புறணி, தனித்து வெறுங்கூண்டில் வளர்ந்தவற்றினும் தடித்திருந்ததை 1964இல் அறிவித்தனர். 1979இல் பீட்டர் ஹட்டன்லாக்கர் மனித மூளையின் முன்புறப் புறணியில் நரம்பிணைப்புகளை எண்ணினார். ஒன்று, இரண்டு வயதில் அவை உச்சமடைந்து, பதினாறு வயதுவரை படிப்படியாகக் குறைவதைக் கண்டார். செடியைக் கவாத்து செய்வதுபோல, மூளை பயன்படுவதைப் பேணிப் பயன்படாததைக் கழிக்கின்றது.

பார்வைக்குரிய விதியைப் படிப்பின்மேல் அப்படியே ஏற்றுதல் தகாது. எழுத்தறிவுக்கு அத்துணைக் கடுமையான காலவரை இல்லை. முதியோரும் எழுதப் படிக்கக் கற்கின்றனர். பார்வையிலுங்கூடக் கதவு முற்றும் அடைபடுவதில்லை. பவன் சின்காவின் பிரகாஷ் திட்டத்தின்வழி இந்தியாவில் காலந்தாழ்ந்து கண்பெற்ற சிறுவர் பலர், நுண்மை குன்றினும், பொருள்களைக் கண்டறியக் கற்றனர்.

ஆதலின் அஞ்சவும் வேண்டா; அயரவும் வேண்டா. நம்முன் வந்தமரும் ஏழு வயதுப் பிள்ளையின் மூளை இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. நாம் பேசும் மொழியும், சொல்லும் கதையும், காட்டும் பரிவும் அக்கட்டுமானத்தில் சேரும் கற்கள். "ஏறாது" என்று நாம் ஒதுக்கிவைக்கும் பிள்ளை, இமை தைக்கப்பட்ட பூனைக்குட்டியே அன்றோ? தைத்த கை நம்முடையதாக இருத்தல் கூடாது.