வில்லின் நாணும் நிலையலையும்

திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரங்களில் சுடலைமாடன், இசக்கியம்மன் முதலான தெய்வங்களின் கொடை விழாக்களில் பாடப்பட்டுவரும் வில்லுப்பாட்டு, வேட்டைக்குப் போன அரசன் ஒருவன் வில்லைக் கிடத்தி இளைப்பாறியபோது பிறந்தது என்றொரு கதை உண்டு. சான்றேதும் இல்லாத கதைதான் என்றாலும், இழுத்துக் கட்டிய நாணே இக்கலையின் கரு என்பதை அது சரியாகவே பிடித்திருக்கிறது.

குழுத் தலைவரான அண்ணாவி வீசுகோலால் நாணை அடிக்கும்போது எழும் அதிர்வு இரு முனைகளை நோக்கியும் ஓடி, அங்கே கட்டுண்ட நாண் அசைய முடியாததால் தலைகீழாகத் திரும்பி, எதிரே வரும் அலையோடு கலக்கிறது. இவ்வாறு இரண்டு அலைகளின் அசைவுகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் போவதைக் குறுக்கீடு என்பர். ஒரே அதிர்வெண் கொண்டு எதிரெதிராகச் செல்லும் அலைகளானால், அசைவே இல்லாத கணுக்களும் பேரளவில் அசையும் எதிர்க்கணுக்களும் இடம் மாறாமல் நிற்கும், இதுவே நிலையலை. நாணின் நீளத்துக்குள் அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் அடங்கும் அதிர்வுகள் மட்டுமே நிலைக்கும்; இவையே சீரிசைகள். நாணை இறுக்கினால் சுருதி ஏறும், தடித்த நாணானால் இறங்கும் என்பதைப் பாடகர்கள் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தனர். அதையே அறிஞர் மெர்சென் 1636-இல் பிரான்சில் கணக்காக எழுதினார்.

கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட சீரிசைகள் எழா என்பது தாமஸ் யங் பெயரால் வழங்கும் விதி. நாணை நட்ட நடுவில் அடித்தால் இரட்டைப்படைச் சீரிசைகள் இல்லாமற்போகும். ஆனால் தம்புராவில் இவ்விதி பொய்த்துப்போவதை, கல்கத்தாவில் பணியாற்றிய சி.வி. ராமன் 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். கம்பியைத் தாங்கும் அகன்ற குதிரையும், அதன்மேல் கம்பிக்கடியில் செருகிய நூலும் எழாத சீரிசைகளையும் எழுப்பிவிடுகின்றன.

வில்லில் அத்தகைய குதிரை இல்லை. அதன் நாண் கனத்தது. அதிர்வும் விரைவில் அடங்கிவிடும். ஆகவே வில் சுருதிக் கருவியாக வளராமல் தாளக் கருவியாகவே நின்றதில் வியப்பில்லை. வில்லோடு சேர்த்து, பத்தி எனும் மட்டையால் தட்டப்படும் குடத்தின் ஆழ்ந்த ஒலி வேறு வகை: அதன் கழுத்திலுள்ள காற்று, உள்ளே அடைபட்ட காற்றை வில்சுருளாகக் கொண்டு முன்னும் பின்னும் அசைவதால் பிறப்பது. என்.எஸ். கிருஷ்ணனும், 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகமும் இக்கலையைக் கொடைப் பந்தலிலிருந்து நகர மேடைக்குக் கொண்டுவந்தனர். இன்றைய குழுக்கள் பலவற்றில் சுருதிக்கு ஆர்மோனியம் ஒலிக்க, நாணும் வில்லில் கட்டிய மணிகளும் தாளத்தைத் தாங்குகின்றன.