மணியோசை யாருக்கு இனித்தது?

பள்ளிப் பருவம் பொற்காலமாம்! பட்டம் பெற்றவர் பேசுகிறார், பதவியில் இருப்பவர் எழுதுகிறார், முதியவர் பெருமூச்சோடு நினைவுகூர்கிறார். பாடம் கசந்தாலும் பந்து இனித்தது. ஆசிரியர் கடிந்தாலும் தோழன் தோள்மீது கை போட்டான் என்கிறார்கள். பொய்யென்று நாம் கூறவில்லை. யாருடைய பொற்காலம் அது என்று வரலாற்றைக் கேட்க வேண்டாமா?

நாம் வாழும் சதுரங்கப்பட்டினத்துக்கு வருவோர் டச்சுக்காரரின் சிதைந்த கோட்டையைக் காண்பர். செதுக்கு வேலை மிகுந்த கல்லறைகளைப் படமெடுப்பர். கோட்டையை ஒட்டிக் கல்பாக்கம் அணுமின் ஊழியர் நகரியம். அங்கே அணுசக்தித் துறையின் நடுவண் பள்ளிகள். இப்பால் மீனவர் குப்பங்கள், ஊர்த் தெருக்கள், அரசுப் பள்ளி. காற்று ஒன்று, கடல் ஒன்று, பிள்ளைகளின் வயதும் ஒன்று. பள்ளி மட்டும் ஒன்றன்று.

இந்த வேறுபாடாவது கண்ணுக்குத் தெரிகிறது. கட்டடத்தை எண்ணலாம், ஆய்வுக்கூடத்தை அளக்கலாம். ஒரே பள்ளியில், ஒரே பலகையில் அமர்ந்த இரு மாணவருக்கு இடையே உள்ள வேறுபாடு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. அதை எழுதிவைத்தவர் நம் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்தவர்.

இரட்டைமலை சீனிவாசனார் 1859இல் மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். படித்தது கோவையில். சுமார் 400 மாணவர். ஏறத்தாழப் பத்துப் பேர் நீங்கலாக அனைவரும் பார்ப்பனர் என்று 1939இல் வெளிவந்த தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் கூறுகிறார். பிறரோடு பழகினால் ஊர் எது, உறவு யார் என்று கேட்பார்கள். கேட்டால் சாதி வெளிப்படும். ஆகவே அச்சிறுவன் பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவான். பள்ளி விட்டதும் எவரும் எட்டிப் பிடிக்க முடியாத விரைவில் வீடு சேர்வான். மற்றப் பிள்ளைகளோடு ஆட முடியவில்லையே என்று உள்ளம் நொந்தான்.

கவனியுங்கள் தோழர்களே! அவர் இங்கே கூறுவது அடிபட்ட கதையன்று, விரட்டப்பட்ட கதையுமன்று. இடம் கிடைத்தது, பாடம் கிடைத்தது. கிடைக்காதது மணி அடிப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள சிறு பொழுது! மற்றவர் முதுமையில் நினைந்து நினைந்து மகிழ்கிறார்களே, அந்தப் பொழுது! ஓடி ஒளிந்த அந்தச் சிறுவன் வளர்ந்து, 1893இல் ஓர் ஏடு தொடங்கியபோது அதற்கு இட்ட பெயர் 'பறையன்'. எதை மறைக்க ஓடினாரோ அதையே தலைப்பாக அச்சிட்டு உலகின் முன் நிறுத்தினார்.

அவராவது வகுப்பில் இருந்தார். பூப்பெய்திய பெண்ணுக்குப் பள்ளியே முடிந்துபோயிற்று. முத்துலட்சுமி அம்மையார் வீட்டில் இருந்தே படித்து, எதிர்ப்புக்கிடையே புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் தனியொரு மாணவியாகச் சேர்ந்தார் என்பதை நாடறியும்.

சேரிப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகளும் எழுந்தன. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சித்தலைவர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைபற்றி அரசுக்கு எழுதிய குறிப்பு சென்னை அரசை அசைத்தது. 1894இல் ஆல்காட், அயோத்திதாசப் பண்டிதர் துணையோடு, சென்னையில் இலவசப் பள்ளி திறந்தார். அங்கே சிறுவன் அஞ்சாமல் மணிக்கு முன்பே வந்து விளையாடலாம். நல்லதுதான். ஆனால் ஊர்ப் பிள்ளைகள் அந்தத் திடலில் இல்லை!

பிறகு, தேசியம் பேசிய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப் பந்தி. 1925இல் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் கிளப்பிய எதிர்ப்புப் புயல் சோற்றுக்காக எழுந்ததன்று. சிறுவனின் வயிறு நிறைந்தது, மனம் எரிந்தது, அதற்காக எழுந்தது.

இதை அறிந்தோர் பின்னர் செய்தவற்றை நாம் வெறும் உதவித் திட்டங்களாகக் கருதவில்லை. 1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவு பிள்ளைகளைப் பக்கம் பக்கமாக உட்காரவைத்தது. நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு, பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. ஊரார் தந்த பொருளால் பலகையும் சீருடையும் வந்தன. சீருடை கந்தலை மறைத்தது. ஆயினும் மணிக்கட்டு வெளியே தெரிந்தது.

ஆம், மணிக்கட்டு! அதிலே வண்ணக் கயிறு கட்டி, இன்ன வண்ணம் இன்ன சாதி என்று காட்டும் வழக்கம் நம் காலத்து மாணவரிடையே பரவிற்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பிளஸ் டூ மாணவன் ஒருவனை உடன் பயின்ற சிறுவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுண்டாள். சீனிவாசனார் ஓடியாவது வீடு சேர்ந்தார். இங்கே பகை வீட்டுக்கே வந்தது!

அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றுக்குத் தடை. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீக்கம். மாணவரை அகரவரிசைப்படி அமர்த்தல் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. அகரவரிசையை நாம் வரவேற்கிறோம். அது யாரையும் யார் அருகிலும் உட்காரவைக்கும். ஆனால் அது வகுப்பறைக்குள் செல்லுபடியாகும் சட்டம். சீனிவாசனார் அஞ்சியதோ மணி அடிக்குமுன் வாசலில், மணி அடித்தபின் தெருவில். அந்த இடங்களில் இன்று யார் யாரோடு நடந்து செல்கிறார்கள் என்பதைப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பார்க்கும் எந்த ஆசிரியருக்கும் தெரியும்.