கையெழுத்துப் போடுமுன்...

ஒரு விஞ்ஞானி இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதி, ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்புகிறார். அதைப் படித்துத் தப்புக் கண்டுபிடிப்பவரும் இன்னொரு விஞ்ஞானிதான். பெரும்பாலும் சம்பளம் கிடையாது! எழுதினவருக்குச் சன்மானம்? காலணா வராது. ஒரு படிவம் மட்டும் வரும். ‘காப்பிரைட் உங்களுக்கே’ என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் அவருடைய கல்லூரி நூலகமே சந்தா கட்டித்தான் அந்தக் கட்டுரையை வாங்கியாக வேண்டும். இதுதான் பல காலமாக நடைமுறை.

கட்டுரை அச்சில் வரப் பல மாதம் ஆகும். அதுவரை பொறுக்க முடியாத பௌதிகக்காரர்கள், டைப் செய்த பிரதியை ஜெராக்ஸ் எடுத்துத் தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்புவார்கள். பெரிய பல்கலைக்கழகம் என்றால் கிடைக்கும். மற்றவர்கள் பாடு திண்டாட்டம்.

1991 ஜூனில், அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் கூடியிருந்த பௌதிகக்காரர்களில் ஒருவர் புலம்பினார்: “நான் ஊர் சுற்றும்போது ஈ-மெயிலில் கட்டுரைகளாக வந்து குவிந்து, என் கம்ப்யூட்டரில் இடமே இருக்காது போலிருக்கே!”

கேட்டுக்கொண்டிருந்தவர் பால் கின்ஸ்பார்க். அணுகுண்டு பிறந்த அதே லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. ‘எல்லோருக்கும் எதற்கு அனுப்ப வேண்டும்? ஓரிடத்தில் போட்டுவைப்போம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்’ என்று யோசித்தார். ஆகஸ்ட் 14-ல் ஆரம்பித்தாயிற்று. வருஷத்துக்கு நூறு கட்டுரை வரும் என்பது அவர் கணக்கு. முதல் ஆறு மாதத்திலேயே வந்தது 400!

இதுதான் ‘ஆர்க்கைவ்’. 2001-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்தது. 2022 தொடக்கத்தில் கட்டுரைகள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன. யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

சரி, பத்திரிகைகள் எப்படிச் சும்மா இருந்தன? சூட்சுமம் இதில்தான். அங்கே போனது பெரும்பாலும் பத்திரிகை அச்சடித்த பக்கம் அல்ல. படிவம் வருவதற்கு முன் ஆசிரியர் தன் கையால் டைப் செய்த பிரதி. பௌதிகப் பத்திரிகைகள் இதற்குத் தலையாட்டிவிட்டன.

இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. 2013-ல் ‘அகாடெமியா’ இணையதளத்துக்கு எல்சவியர் நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியது: சுமார் 2,800 கட்டுரைகளை எடுத்துவிடு! அவற்றைப் போட்டிருந்தது எழுதிய பேராசிரியர்களேதான். ‘என் கட்டுரையை நான் போடக்கூடாதா?’ என்று பொருமினார்கள். ஆனால் காப்பிரைட் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்குச் சட்டம் எப்படிக் கைகொடுக்கும்?

இன்னொருத்தர் இருக்கிறார். கிரிகோரி பெரல்மான், ரஷ்யர். 1904-லிருந்து கணித மேதைகளைத் தண்ணீர் காட்டிவந்த புவான்கரே புதிரை விடுவித்து, 2002 நவம்பரில் ஆர்க்கைவில் முதல் கட்டுரையைப் போட்டார். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு. எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. உலகக் கணிதக்காரர்கள் அங்கேயே படித்து, சரிபார்த்து, ‘சரிதான்’ என்றார்கள். 2010-ல் தேடிவந்த பத்து லட்சம் டாலர் பரிசையும் வேண்டாமென்று சொல்லிவிட்டார், மனுஷர்.

எல்லோரும் பெரல்மான் ஆக முடியாது. வேலை, பதவி உயர்வு எல்லாவற்றுக்கும் பத்திரிகையில் பெயர் வரவேண்டியிருக்கிறதே! ஆனால் உங்கள் வீட்டில் ஆராய்ச்சி மாணவர் யாராவது இருந்தால் ஒன்று சொல்லிவையுங்கள். படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். சொந்தப் பிரதியை எங்கே, எப்போது போடலாம் என்பது பெரும்பாலும் அதிலேயே பொடி எழுத்தில் இருக்கும்.